நீலகிரியில் சுற்றுச்சூழல் சுகாதார இன்டர்ன்ஷிப்: டிசம்பரில் தொடங்கி ஜூனில் முடிப்பது எப்படி

செமஸ்டர் தேர்வு மே முதல் வாரத்தில் முடியும், ஜூன் நடுவில் கல்லூரி திறந்துவிடும். கையில் கிடைப்பது ஐந்து வாரம், மிஞ்சினால் ஆறு. நீலகிரியில் மலர்க் கண்காட்சி, வருவாய்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி, சுற்றுலாக் கூட்டம், கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கம் எல்லாமே அந்த ஐந்தாறு வாரத்துக்குள்தான் வந்து விழும். ஏப்ரல் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறி "ஏதாவது இடம் இருக்குமா சார்?" என்று கேட்டால், கிடைப்பது ஒரு மேஜையும் ஒரு எக்செல் கோப்பும்தான். டிசம்பரிலேயே தொடங்கினால் கதை வேறு.

பி.எஸ்சி. நுண்ணுயிரியல், வேதியியல், விலங்கியல், சுற்றுச்சூழல் அறிவியல், பி.எஸ்.டபிள்யூ., நர்சிங் என்று எதைப் படித்தாலும் இந்தக் கட்டுரை பொருந்தும். குடிக்கிற தண்ணீர், மூச்சில் போகிற புகை, கழிவு, பூச்சிமருந்து, உண்ணியும் கொசுவும் என, சுற்றுப்புறம் வழியாக உடம்புக்கு வருவதெல்லாம் சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் அடங்கும். மரம் நடும் முகாம் நல்ல காரியம்தான், ஆனால் அது இந்த இன்டர்ன்ஷிப் ஆகாது.

1. கேள்வியை முடிவுசெய்யுங்கள் (டிசம்பர்)

இடம் தேடுவதற்கு முன் கேள்வி தயாராக இருக்கவேண்டும். "நீலகிரியில் நீர் மாசு" என்று எழுதி அனுப்பினால் யாரும் பதில் போடமாட்டார்கள். ஒரு ஆள், ஒரு சின்னச் சோதனைக் கிட், ஐந்து வாரம் என்ற அளவுக்குள் முடியக்கூடியதாகக் கேள்வி இருக்கட்டும். இந்த மலைக்குப் பொருந்துகிற சில:

ஊராட்சித் தொட்டியில் போடுகிற குளோரின் கடைசி வீட்டுக் குழாய்வரை வருகிறதா? மேட்டில் தொட்டி, சரிவு நெடுக வீடுகள் என்றுதான் பெரும்பாலான மலைக் கிராமங்கள் அமைந்திருக்கின்றன. ஒரே லைனில் 10 குழாய், வாரம் இரண்டு நாள், நாலு வாரம். மொத்தம் 80 அளவீடு. இளநிலை மாணவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது கஷ்டம்.

கோடை மழைக்கு முன்னும் பின்னும் ஊற்றுத் தண்ணீரில் மலக்கிருமி அறிகுறி மாறுகிறதா? இதில் ஊற்றுக்கு மேல்பக்கம் செப்டிக் டேங்க் இருக்கிறதா என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். சமவெளியில் இத்தனை மீட்டர் தூரம் என்று கணக்குப் பார்த்தால் போதும். மலையில் டேங்க் ஊற்றுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது தூரத்தைவிட முக்கியம்.

காரட், உருளைக்கிழங்கு, கோஸ் தோட்டங்களில் மருந்தடிப்பவர்கள் டப்பாவில் உள்ள நிறக் குறியீட்டைப் புரிந்துகொள்கிறார்களா? லேபிளில் இருக்கும் சாய்சதுரத்தின் கீழ்ப் பாதி சிவப்பு என்றால் மிகக் கடும் விஷம். அதற்கு அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. காலி டப்பா கடைசியில் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால் நல்ல ஆய்வாகிவிடும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் (வரிசை வீடுகள்) விறகடுப்புப் புகையை மலிவு சென்சாரால் அளக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் மலிவு சென்சார்கள் பனிமூட்டத்தில் நீர்த்திவலையையும் தூசியாக எண்ணிவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய நேரத்து அளவீடுகளைத் தனியாகப் பிரிக்கத் தெரியாவிட்டால் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

தொடவே கூடாதவை: பூச்சிமருந்து எச்சம், கன உலோகம் (ஒரு மாதிரிக்கே ஆயிரக்கணக்கில் போகும்), "இந்த ஊரில் ஏன் புற்றுநோய்" போன்ற நோய்க் காரண ஆராய்ச்சி. ஐந்து வாரத்தில் நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாது. ஊரைப் பயமுறுத்த மட்டும் முடியும்.

2. எங்கே கேட்பது

கோத்தகிரியில் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் இருக்கிறது. ஊற்று, நீர், பழங்குடி மக்களின் வாழ்வாதாரம் பற்றி நீண்டகாலமாக வேலை செய்கிறவர்கள். கூடலூரில் அஸ்வினி, பழங்குடி மக்களுக்கான மருத்துவமனையும் கிராம சுகாதாரப் பணியும் நடத்துகிறது. ஊட்டியில் மத்திய அரசின் மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மண் அரிப்பு, நீர்வரத்துப் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் அங்கே கேட்கலாம். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்குப் பெயருக்காகவே விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு. அது தடுப்பூசி நிறுவனம். ஆய்வுக்கூட வேலையில் நாட்டமுள்ள நுண்ணுயிரியல் மாணவருக்குச் சரிப்படலாம், ஊர் ஊராகத் தண்ணீர் பார்க்க நினைப்பவருக்குச் சரிப்படாது.

அரசு அலுவலகங்களைப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், மாவட்ட சுகாதார அலுவலகம், நகராட்சிகளின் பொதுசுகாதாரப் பிரிவு ஆகியவற்றில் உதவித்தொகை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஒரு வாரம் ஆய்வுக்கூடத்தில் நின்றால், தண்ணீரில் கிருமி எண்ணிக்கையைக் கணிக்கும் எம்.பி.என். முறை கைக்கு வந்துவிடும். சுகாதார ஆய்வாளர் ஒருவரோடு நாலு நாள் சுற்றினால் ஒரு செமஸ்டர் பாடம் புரிந்துவிடும். ஒரு தொண்டு நிறுவனத்தில் இடம் வாங்கிக்கொண்டு, அங்கிருந்தபடியே ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் மாதிரி கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்துகொள்வதுதான் எங்கள் பரிந்துரை.

மலைக்கு வெளியே போகத் தயார் என்றால், சென்னை ஆயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையும் இருக்கின்றன. மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முந்தின ஆண்டு முடிவதற்குள்ளேயே விண்ணப்பம் வாங்கி முடித்துவிடுவார்கள். ஜனவரியில் தேடினால் கதவு சாத்தியிருக்கும்.

"பதிவுக் கட்டணம் கட்டுங்கள், இரண்டு வாரத்தில் சான்றிதழ்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவற்றுக்குப் பதிலே போடாதீர்கள். ஆய்வுக்கூடங்கள் சில, வேதிப்பொருள் செலவுக்கு என்று கட்டணம் வாங்குவது உண்டு. அதற்கு நிறுவனத்தின் பெயரில் ரசீது கொடுப்பார்கள். தனிநபர் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது வியாபாரம்.

3. கடிதம் (பொங்கல் முடிந்த வாரம்)

தொண்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போதும். அரசு அலுவலகத்துக்குத் தாளில், தமிழில், துறைத்தலைவரின் முகப்புக் கடிதத்தோடு போகவேண்டும். கடிதத்தின் உடல் இவ்வளவுதான்:

"ஐயா, நான் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே 11 முதல் ஜூன் 12 வரை, வாரம் 5 நாள் வர முடியும். கோத்தகிரி வட்டாரத்தில் இரண்டு குடியிருப்புகளில், தொட்டியிலும் வீட்டுக் குழாயிலும் எஞ்சிய குளோரின் அளவை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். தங்கும் செலவும் பயணச் செலவும் என்னுடையவை. ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரப் பயிற்சியும் 10 மாதிரிகளைச் சோதிக்க அனுமதியும் வேண்டுகிறேன்."

நாள், வேலை, கேட்பது, கேட்காதது நான்கும் இதில் இருக்கின்றன. "சிறுவயது முதலே இயற்கையின்பால்" என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிடுங்கள். தன்விவரக் குறிப்பு ஒரே பக்கம்.

நேரில் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப்போங்கள். தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த முத்திரையைக் காட்டினால்தான் கோப்பு நகரும். திங்கட்கிழமை போகாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் மாவட்ட அலுவலர்கள் பலரும் அங்கேதான் இருப்பார்கள். அதேபோல மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நாட்களில் யாருடைய கையெழுத்தையும் நம்பித் திட்டம் போடக்கூடாது.

பத்து நாள் பதில் இல்லையென்றால் காலை 11 மணிக்கு மேல் ஒரு போன். மீண்டும் பத்து நாள் கழித்து இன்னொன்று. பிப்ரவரி கடைசிவரை பதில் வராத இடத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நாலு இடத்தில் கேட்டுவைப்பதில் தவறில்லை. இரண்டு இடம் கிடைத்துவிட்டால் வேண்டாத இடத்துக்கு அன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் உங்கள் ஜூனியர் அங்கே கேட்கவேண்டியிருக்கும்.

4. ஆவணங்கள் (மார்ச்)

கல்லூரியில் வாங்கவேண்டியவை: படிப்புச் சான்று, தடையின்மைச் சான்று, துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம். மூன்றையும் மார்ச் நடுவுக்குள் வாங்கிவிடுங்கள். மாடல் தேர்வு தொடங்கிவிட்டால் முதல்வர் அறைக்கு முன் ஹால்டிக்கெட் கூட்டம்தான் நிற்கும்.

உங்களிடம் இருக்கவேண்டியவை: ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை, ஆறு பாஸ்போர்ட் அளவுப் படம், பெற்றோர் ஒப்புதல் கடிதம், உதவித்தொகை தருகிற இடமானால் வங்கிப் புத்தக முதல் பக்கம். காப்பீட்டில் பெயர் இருந்தால் அந்த அட்டை நகலும் வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது இனிஷியலில். ஆதாரில் "கவிதா செல்வராஜ்", மதிப்பெண் பட்டியலில் "கவிதா எஸ்." என்று இருக்கும். நிறுவனம் ஆதாரைப் பார்த்துச் சான்றிதழ் அடிக்கும், கல்லூரி ஏற்காது. மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி பெயரையும் பதிவு எண்ணையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதையும் இப்போதே பாடத்திட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும். யு.ஜி.சி. வழிகாட்டுதல் 60 முதல் 120 மணி நேரம் என்கிறது. தமிழகத்தில் பல பாடத்திட்டங்களில் 30 மணி நேரத்துக்கு 2 கிரெடிட். 30 மணி நேரம் போதும் என்றாலும் ஐந்து வாரம் செய்யுங்கள். ஒரு வாரத்தில் தண்ணீரைப் பற்றி எதுவும் தெரியவராது.

5. அனுமதிகள்: எதைத் தவிர்ப்பது

காப்புக்காடு, முதுமலைப் புலிகள் காப்பகம் என்றால் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. ஆராய்ச்சி அனுமதி சென்னையில் முதன்மை வன உயிரினக் காப்பாளர் அலுவலகம்வரை போய்வரும், மாதக்கணக்கில் ஆகும். ஐந்து வார இன்டர்ன்ஷிப்புக்கு அது கட்டுப்படியாகாது. வருவாய் நிலத்தில் உள்ள ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்குத் தனியாகக் கிளம்பிப்போய்க் கேள்வித்தாள் நீட்டாதீர்கள். ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற நிறுவனத்தின் பணியாளரோடு, அவர்களின் அனுமதியின் கீழ் போவது ஒன்றுதான் முறை. ஒரே வீட்டில் ஒரே கேள்வியை வருடாவருடம் கேட்டுவிட்டுப் போகிறவர்களின் மேல் ஊருக்கு இருக்கிற கோபம் நியாயமானது.

படுகர் ஹட்டி (படுகர்களின் ஊர்) என்றால் முதலில் ஊர்த் தலைவரிடம் சொல்லுங்கள். ஊராட்சித் தொட்டி என்றால் ஊராட்சிச் செயலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கடிதம். எஸ்டேட் லைன் என்றால் நிர்வாகத்தின் அனுமதி, அது அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ ஆனாலும் தனியார் ஆனாலும். லைனுக்குள் நுழைந்த பிறகு வாட்ச்மேன் தடுத்தால் அன்றைய நாள் போச்சு.

மனிதர்களிடம் கேள்வி கேட்கிற எந்த ஆய்வுக்கும் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். சில குழுக்கள் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடும் என்பதால் பிப்ரவரியிலேயே தேதி கேளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில், ஒரு பக்கத்தில், வாசித்துக் காட்டக்கூடியதாக இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்த்தால் பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும், பரிசீலனையும் நீளும். சேர்க்காமலிருப்பது எளிது. ரத்தம், சிறுநீர் மாதிரிப் பக்கம் போகவே போகாதீர்கள். குழாய்த் தண்ணீரை மட்டும் சோதிப்பதானாலும், "மனிதர்கள் சம்பந்தப்படவில்லை, ஒப்புதல் தேவையில்லை" என்று குழுவிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

6. தங்குமிடம், பயணம், பணம்

மே மாதத்தில் ஊட்டி லாட்ஜ்களை மறந்துவிடுங்கள். சீசன் வாடகை மாணவருக்கு ஆகாது. நிறுவனத்தின் விடுதி, கல்லூரி விடுதியில் கோடை இடம், பெண்களுக்கு மகளிர் விடுதி, கோத்தகிரி அல்லது குன்னூரில் மாத வாடகை அறை என்ற வரிசையில் தேடுங்கள். மார்ச்சிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். "வந்து பார்த்துக்கலாம்" என்று விட்டால் மே மாதம் அதே அறை நாள் வாடகைக்குப் போயிருக்கும்.

வெளிமாவட்டத்துச் சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வந்தது, வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கான இலவசப் பயணம் மலைப் பகுதிக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி முறை போடுவார்கள். வாடகைக் காரில் பொருள் கொண்டுவருகிறவர்கள் கூடுதலாக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளவேண்டும்.

பர்லியாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோதிப்பார்கள். மாதிரி எடுக்க வைத்திருக்கும் காலி பாட்டில்களைத் தனிப் பெட்டியில் வைத்து, நிறுவனக் கடிதத்தை அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். கடிதம் பையின் அடியில் கிடந்தால், பின்னால் நிற்கிற வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் உங்களால் விளக்கம் சொல்ல முடியாது.

ஐந்து வாரத்துக்கு ஒதுக்கவேண்டியது சுமாராக: தங்க 6,000 முதல் 9,000 ரூபாய், சாப்பாட்டுக்கு 5,000 முதல் 6,000, பேருந்துக்கு 1,500 முதல் 2,500, சோதனைக் கிட்களுக்கு 2,500 முதல் 4,000, நகல் எடுக்க 500, அவசரத்துக்கு 2,000. ஏறத்தாழ 17,500 முதல் 24,000. நிறுவன விடுதி இலவசமாகக் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு அளவு குறையும். கிட்களை நிறுவனம் தருமா என்று ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள். மலையில் உடனே வாங்கக் கடை கிடையாது, கோவையிலிருந்துதான் கொண்டுவரவேண்டும்.

7. களத்தில்: குளிர் செய்கிற குழப்பம்

சமவெளிக்கு எழுதிய செய்முறைத் தாளை அப்படியே மலையில் பின்பற்றினால் தப்பான முடிவு வரும். இன்டர்ன்கள் அதிகம் கோட்டைவிடுகிற இடம் இது.

முதலில் குளோரின். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 எஞ்சிய குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கவேண்டும் என்கிறது. குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிட்டு, குப்பியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, 10 மில்லி பிடியுங்கள். குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. மாத்திரையைக் கை படாமல் போட்டு நசுக்கி, கரைந்த உடனே, ஒரு நிமிடத்துக்குள் நிறத்தைப் படியுங்கள். தாமதித்தால் மற்றக் குளோரின் சேர்மங்களும் நிறம் காட்டத் தொடங்கி அளவு கூடித் தெரியும். மூட்டமான நாளில் நிற அட்டைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடியுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இளஞ்சிவப்பைப் படிக்காதீர்கள். தண்ணீர் விட்ட நேரத்தையும் மாதிரி எடுத்த நேரத்தையும் எழுதாத அளவீடு குப்பைக்குத்தான். பல ஊர்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். தண்ணீர் விட்ட முதல் சில நிமிடங்களில் வருவது பைப்பில் தங்கிக் கிடந்த தண்ணீர்.

கடைசிக் குழாயில் குளோரின் பூஜ்யம் என்றால் உடனே தொட்டி ஆபரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் போய்ப் பாருங்கள். நல்ல பவுடரில் 33 சதவீதம் அளவு குளோரின் இருக்கும், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போட்டால் போதும். வாய் திறந்த மூட்டை மலையின் ஈரத்தில் சில வாரம் கிடந்தால் கட்டி தட்டி வீரியம் போய்விடும். அவர் அளவு தவறாமல் போட்டிருப்பார், போட்டது வெறும் சுண்ணாம்பாக இருக்கும்.

அடுத்தது எச்2எஸ் குப்பி. தண்ணீரை ஊற்றி வைத்துக் கறுப்பானால் மலக்கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். தாளில் "அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம்" என்று போட்டிருக்கும். அந்த அறை 30 டிகிரிக்கு மேல் இருக்கும் சமவெளி அறை. ஊட்டியில் மே மாதத்தில்கூடப் பகலில் 22, இரவில் 12 டிகிரி அளவில்தான் இருக்கும். அலமாரியில் வைத்தால் கெட்ட தண்ணீர்கூட இரண்டு நாள் வெள்ளையாகவே நிற்கும், "சுத்தம்" என்று எழுதிவிடுவீர்கள். ஒரு தெர்மோகோல் பெட்டியில் 15 வாட் பழைய குண்டு பல்பு, குப்பிகளைப் பல்பிலிருந்து மறைக்க ஓர் அட்டை, உள்ளே ஒரு வெப்பமானி. இதை 35 டிகிரி அளவில் நிற்கிற மாதிரி மூடியைச் சரிசெய்து வைத்தால் போதும். எல்.இ.டி. பல்பு சூடு தராது, வாங்கி ஏமாறாதீர்கள். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டில் வையுங்கள், போன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஆறவைத்த கொதிநீர்க் குப்பி ஒன்றும், ஓடைத் தண்ணீர்க் குப்பி ஒன்றும் சேர்த்து வையுங்கள். ஓடைக் குப்பி கறுக்கவில்லை என்றால் உங்கள் பெட்டியில்தான் கோளாறு.

இந்தச் சோதனை தப்பாகவும் கறுக்கும். குப்பியைக் கறுக்கவைப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு (எச்2எஸ்) வாயு, மண்ணில் இருக்கும் வேறு பாக்டீரியாவும் அதே வாயுவை உண்டாக்கும். அதனால் கறுத்தவற்றில் நாலைந்தையாவது ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யுங்கள்.

ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகும் மாதிரிக்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். குளோரின் போட்ட தண்ணீரானால், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் சேர்த்த பாட்டில். அதை அலசக் கூடாது. மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் பேருந்தில் வருவதற்கே அரை நாள் போகும் என்பதால் காலை 8 மணிக்கு எடுத்து, அடுத்த பேருந்தைப் பிடியுங்கள். திங்கள் முதல் புதன் வரை மட்டும் எடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை யாரும் வந்து படிக்கமாட்டார்கள்.

பாட்டிலை நீங்களே பிரஷர் குக்கரில் சுத்தம் செய்வதானால் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 15 பவுண்டு வெயிட் போட்டாலும் உள்ளே 121 டிகிரி வராது, மூன்று நாலு டிகிரி குறையும். வழக்கமான 20 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் வையுங்கள், அல்லது ஆய்வுக்கூடத்திலேயே பாட்டில் கேட்டு வாங்குங்கள்.

பேட்டி எடுக்கும்போது "தண்ணியக் காய்ச்சிக் குடிப்பீங்களாக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "இன்னைக்குக் காய்ச்சின தண்ணி எதுல இருக்கு, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பாத்திரத்தையும் மூடியையும் பார்த்து எழுதுங்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் காலை எட்டுக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள், மாலை நாலரைக்கு மேல்தான் திரும்புவார்கள். ஞாயிறு நல்ல நாள். கூடலூர்ப் பக்கம் மலையாளமும் பணியர் மொழியும், ஹட்டிகளில் படுக மொழியும் கேட்கும். உங்கள் தமிழுக்குத் தலையாட்டுவதைப் பதிலாக எழுதிக்கொள்ளாதீர்கள், உள்ளூர்ப் பணியாளர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட முடிவு வந்தால் முதலில் தொட்டி ஆபரேட்டர், அப்புறம் சுகாதார ஆய்வாளர். ஊர் வாட்ஸ்அப் குழுவில் கறுத்த குப்பியின் படத்தைப் போட்டால் அன்றோடு உங்கள் இன்டர்ன்ஷிப் மட்டுமல்ல, உங்களைச் சேர்த்துக்கொண்ட நிறுவனத்தின் நல்ல பெயரும் போகும்.

8. உடம்பும் உயிரும்

கிளம்பும் முன் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முழுக்கை, முழுக்கால், உயரமான சாக்ஸ். கூடலூர், பந்தலூரில் ஜூன் மழையில் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள், பெரும்பாலும் அரிப்பைத் தவிர ஆபத்தில்லை. பயப்படவேண்டியது கண்ணுக்கே தெரியாத புதர்ப் பூச்சிக்கு. ஊருக்குத் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "நீலகிரியில் புதர், தேயிலைக் காடு, ஓடைத் தண்ணியில வேலை செஞ்சேன்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உடம்பில் கறுத்த பொருக்குப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரப் டைபஸும் (அந்தப் புதர்ப் பூச்சி கடித்து வருவது) எலிக்காய்ச்சலும் சாதாரண வைரல் காய்ச்சல் என்று கணித்துக் கைவிடப்படும் நோய்கள்.

காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் தனியாக நடக்காதீர்கள். கூடலூரில் யானை, கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமையும் கரடியும். காட்டெருமை பசு மாதிரி நிற்கிறதே என்று செல்ஃபி எடுக்கப் போகவேண்டாம். ஊர்க்காரர் நின்றால் நில்லுங்கள், திரும்பினால் திரும்புங்கள். ஊற்றுக்குப் போகும்போது காதில் ஹெட்போன் கூடாது.

மழைக்காக நாலு வாரத் திட்டத்தில் மூன்று நாள் காலியாக விடுங்கள். குடை காற்றில் நிற்காது, ரெயின்கோட் வாங்குங்கள். குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள், ஜெல் பேனா கரைந்து ஓடிவிடும்.

9. சான்றிதழும் அறிக்கையும்

தினமும் தேதி, நேரம், இடம், செய்த வேலை நாலையும் ஒரு வருகைப் பதிவேட்டில் எழுதி, வெள்ளிதோறும் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாளில் மொத்தமாக வாங்கினால் ஒரே மையில் ஒரே சாய்வில் முப்பது கையெழுத்து இருக்கும். துறையில் பார்த்ததும் தெரிந்துவிடும்.

சான்றிதழில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, மொத்த மணி நேரம், பதிவு எண், கையெழுத்திட்டவரின் பதவி, முத்திரை ஆறும் இருக்கிறதா என்று மலையிறங்கும் முன்பே பாருங்கள். தொடக்கத் தேதி உங்கள் கடைசித் தேர்வுக்கு முந்தையதாக இருந்தால் கல்லூரி திருப்பி அனுப்பும். செய்முறைத் தேர்வுத் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். மணி நேரம் விட்டுப்போய், அதற்காக மட்டும் திரும்ப ஊட்டிக்கு ஏறுகிறவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். வாசகத்தை நீங்களே அடித்து, ஒரு வாரம் முன்பே பொறுப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். கையெழுத்திடுபவர் எந்த நாட்களில் விடுப்பு என்றும் கேட்டுவையுங்கள்.

அறிக்கை 15 பக்கம் போதும். அளவீடுகள் முழுவதும் பின்னிணைப்பில், வீட்டுக்காரர் பெயர் இல்லாமல், குழாய் எண்ணோடு. கிட் காலாவதித் தேதி, பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பு, சோதனை தவறிய நாட்கள் எல்லாம் உள்ளே இருக்கட்டும். வழிகாட்டிப் பேராசிரியர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். இதோடு இரண்டு பக்கத்தில், தமிழில், எந்தக் குழாயில் என்ன இருந்தது என்ற பட்டியலை ஊராட்சிச் செயலருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரிக்கான சான்றிதழ், பதிவேடு, அறிக்கை மூன்றையும் ஐந்தாம் செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்தில் துறையில் ஒப்படையுங்கள், ஸ்கேன் செய்த நகல் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும்.